கோஸுக்குப் போன கோட்டு

அன்று வேலை முடிந்து வந்த நாங்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டோம். இது நம் வீடுதானா என்று சந்தேகம்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லா வீடும் ஒரே அச்சு. பனி இறங்கிவிட்டால் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படி வரை போய், வேறு யாரோ குழம்பு கிண்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு. அதனால் அம்மா முதலில் கதவைப் பார்த்தாள். போன தீபாவளிக்கு நான் ஒட்டிய காகிதப் பூ அதில் இருந்தது. வீடு எங்களுடையதுதான். உள்ளே தெரிந்ததுதான் வேறு யாருடையதோ.

முன்னறையின் குறுக்கே கட்டியிருந்த கொடிக்கயிறு இல்லை. அதில் எந்நேரமும் பாதி ஈரத்தோடு தொங்கும் சேலைகள் இல்லை. மூலையில் இருந்த துணிமூட்டைகள் இல்லை. சுவர் தெரிந்தது. அது நீலச் சுவர் என்பது எனக்குப் பத்தொன்பது வயதில் அன்றைக்குத்தான் தெரியவந்தது.

நடுவில் வசந்தா அண்ணி தேநீர்த் தட்டோடு நின்றாள். என் அண்ணன் செல்வத்தைக் கட்டிக்கொண்டு ஈப்போவிலிருந்து மலையேறி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம் அவளுக்கு.

அம்மா மூட்டைகளைத் தேடினாள். நான் என் பழைய கம்பளிச் சட்டையைத் தேடினேன். அப்பா எதையும் தேடவில்லை. கதவுக்கு நேர் எதிரே, சுவரில் அடித்திருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆணி மட்டும் இருந்தது.

“இதுல ஒரு கோட்டு மாட்டியிருந்துச்சே, எங்கம்மா?”

“குடுத்துட்டேன் மாமா. நான் வந்து மூணு மாசமாச்சு, நீங்க அதப் போட்டு ஒரு நாளும் பாக்கலியே.”

அப்பா தேநீரை வாங்கினார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெறும் கோப்பையை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

மூன்று குவியல்

இந்தத் தொடர் வருகிற இதே இதழில், நாலைந்து பக்கம் தள்ளி, ‘அலமாரியைக் குறைப்போம், மனத்தை நிறைப்போம்’ என்று ஒருவர் எழுதிவருகிறார். எதிர்ப்பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம். கோலாலம்பூரில் இருக்கும் என் மகள் அந்தக் கட்டுரையை வெட்டி எனக்கு அனுப்பியிருக்கிறாள். தாளின் மறுபக்கத்தில் இன்னொரு ஜவுளிக்கடை. நான் முதலில் படித்தது அதைத்தான்.

எங்கள் வீட்டில் இந்த ஞானம் எழுபதுகளிலேயே வந்துவிட்டது என்று மகளுக்குச் சொன்னேன். அது ஓர் அலமாரியின் வடிவத்தில் வந்தது.

அண்ணியின் சீர்வரிசையில் அதுதான் தலைமை. மூன்று கதவு, நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் லோரியில் வந்து, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கியது. வாசலில் நுழையவில்லை. ஜன்னல் சட்டத்தைக் கழற்றி உள்ளே ஏற்றினார்கள். அது நின்ற பிறகு முன்னறையில் மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் குடியிருந்தோம்.

இவ்வளவு பெரிய அலமாரி இருக்கும்போது துணி ஏன் கொடியில் தொங்க வேண்டும் என்பது அண்ணியின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டுத் துணி முழுவதும் அதற்குள் அடங்காது. எனவே துணியைக் குறைக்க வேண்டும்.

ஈப்போவில் அவள் தையல் வகுப்புக்குப் போனவள். அங்கே டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்டு. மூன்று குவியலாகப் பிரி. உடுத்துவது ஒன்று, கொடுத்துவிடுவது ஒன்று, கரித்துணி ஒன்று. துணிக்குச் சொந்தக்காரர் ஒரு வருடமாக உடுத்தவில்லை என்றால் அது இரண்டாவது குவியலுக்குப் போக வேண்டும். அதில் இரக்கமே கூடாது.

அந்த டீச்சர் மலையில் குடியிருந்தவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

துணிகளின் உத்தியோகம்

எங்கள் லயத்தில் துணிக்கு உத்தியோகம் உண்டு. துரை, கணக்கு எழுதும் கிராணி, ஆட்களை மேய்க்கும் கங்காணி என்று மனிதர்களுக்கு இருப்பதைப் போலவே படிப்படியாக இருந்தது. மனிதர்களில் ஒருவருக்கு எப்போதாவது பதவி உயரும். துணிக்கு இறக்கம் மட்டும்தான்.

ஒரு சேலை கல்யாணச் சேலையாக வேலைக்குச் சேரும். சில வருடத்தில் கோயில் சேலை ஆகும். பிறகு பிரிஞ்சாங் சந்தைக்குப் போகிற சேலை. பிறகு வீட்டுச் சேலை. சாயம் போனதும் மலைக்கு, அதாவது கொழுந்து பறிக்க. அங்கே செடி கிழித்த பிறகு பிள்ளைக்குத் தொட்டில். பிள்ளை வளர்ந்தால் தலையணைக்குள் போகும். கடைசியாக அடுப்படியில் சட்டி இறக்கும். எந்தப் படியிலும் ஓய்வு கிடையாது.

அம்மாவிடம் ஒரு துணியைக் காட்டி, இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதே தப்பு. எந்த வேலையில் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். அன்று மாலை அவள் காணாமல் போன துணிகளைப் பெயர் சொல்லித் தேடிய விதத்தில், ஏதோ விபத்தில் ஆட்களைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது. “தீபா பொறந்தப்ப கட்டின தொட்டில் சேல” என்றாள். தீபா அடுத்த வீட்டுப் பெண். அவளுக்கே அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த எந்தப் படியிலும் சேராத ஒரே துணி அப்பாவின் கோட்டு.

எரிக்க வைத்த குவியல்

சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. உள்ளே பட்டுத் துணி தைத்தது. கொம்புப் பொத்தான். பாச்சை உருண்டை வாசனை. வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பிய அன்று, தன் மேலிருந்து கழற்றி, “முனியாண்டி, இதை நீ வைத்துக்கொள்” என்று அப்பாவின் தோளில் போர்த்தினார் என்பது தோட்டமே அறிந்த வரலாறு.

அம்மா அறிந்த வரலாறு வேறு. துரை புறப்படுவதற்கு முன்னால் துரைசாணி பங்களாப் புல்வெளியில் துணிகளைக் குவியலாகப் பிரித்தாள். கொண்டுபோவது ஒன்று, கொடுப்பது ஒன்று, எரிப்பது ஒன்று. ஈப்போ டீச்சருக்கு முன்பே இந்தச் சாஸ்திரம் எங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கிறது. எரிக்க வைத்ததில்தான் கோட்டு கிடந்தது. பெட்டி தூக்கப் போயிருந்த அப்பா தீ வைப்பதற்கு முன்னால் அதை உருவிக்கொண்டார்.

அதை அவர் ஒரு நாளும் போட்டதில்லை. போட்டுக்கொண்டு எங்கே போவது? தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. பச்சைக் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து வெந்நீர் ஆவியைப் போல் ஒரு சூட்டுக் காற்று விட்டு வாட்டுகிற இடம். அங்கே பனியனே அதிகம். கோட்டு ஆணியில் தொங்கியது.

பிறகு சித்தப்பா முறையுள்ள ஒருவர் கல்யாணப் படத்துக்காக இரவல் கேட்டார். வேட்டி, மாலை, அதற்கு மேல் துரைக் கோட்டு. படம் பிரமாதமாக வந்தது. அந்த வருடமே அவருக்கு டிராக்டர் ஓட்டுகிற வேலை கிடைத்தது. அடுத்து போட்டவருக்கு முதலில் ஆண் பிள்ளை. அதற்கடுத்தவர் சொந்தமாக ஒரு லோரியே வாங்கிவிட்டார். அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் போட்டுப் படம் எடுக்காவிட்டால் தாலி கட்டியது பாதிதான் என்று ஆகிவிட்டது. எங்கள் தோட்டத்து வீடுகளில் போய்ப் பார்த்தால், சுவரில் மாப்பிள்ளைகள் மாறுவார்கள், கோட்டு ஒன்றுதான். அண்ணன் கல்யாணம் மட்டும் ஈப்போவில், பெண் வீட்டார் எடுத்துக் கொடுத்த புதுக் கோட்டில் நடந்துவிட்டதால், அண்ணிக்கு இந்த வரலாறு தெரியாது.

தோட்டத்தில் முனியாண்டிகள் பல பேர். எங்கள் அப்பா கோட்டு முனியாண்டி. கல்யாண வீட்டில் அவருக்கு முதல் வரிசை, முதல் பந்தி. கோட்டை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நடந்து வரும்போது மேளக்காரர்கள் வழிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு நாற்காலி காத்திருந்தது

அப்பாவுக்கு இதெல்லாம் பெருமைதான். ஆனால் அவர் காத்திருந்தது வேறு ஒருவருக்காக.

அண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் தூக்கிப் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக லோரி வேண்டும். லோரிக்குக் கங்காணி சொல்ல வேண்டும். கொட்டுகிற மழையில் அப்பா ராமையா கங்காணி வீட்டுக்கு ஓடினார். கங்காணி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, வாசலில் நனைந்துகொண்டிருந்த அப்பாவிடம் முழு விவரமும் கேட்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு லோரிக்குச் சொன்னார்.

அண்ணன் பிழைத்தான். லோரி கொடுத்ததை அப்பா மறந்துவிட்டார். நின்றதை மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் கங்காணி எங்கள் லயத்தில் நடந்திருக்கிறார். கோயில் வரிக்கு வருவார், ஆள் கூப்பிட வருவார். குடையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். அப்பா ஒரு பிரம்பு நாற்காலி வாங்கி, கோட்டுக்குக் கீழே போட்டு வைத்தார். எங்கள் யாரையும் அதில் உட்கார விடமாட்டார். கங்காணி மகன் தனபாலன் வளர்ந்துகொண்டிருந்தான். ஒரு நாள் அவனுக்கும் கல்யாணம் வரும். கங்காணி இந்த வீட்டுக்குள் வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, கோட்டைக் கேட்பார். அப்பாவுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

கல்யாணம் நிச்சயமானது. பெண்ணுக்கு ஊர் கம்போங் ராஜா. கங்காணி மகனுக்காக ஈப்போவில் ஒரு கோட்டுத் தைத்தே வைத்திருந்தார், எங்கள் வாசலுக்கு வராமல் தப்பிக்கத்தான். பெண்ணின் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த லோரி வாங்கியவர் அவளுடைய மூத்த மருமகன். மூத்தவள் கோட்டோடு படம் எடுத்திருக்க, இளையவள் மட்டும் என்ன குறைந்தவளா என்று கேட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாகக் கங்காணி சொல்லியனுப்பினார்.

அண்ணி அலமாரியை ஒழுங்குபடுத்தியது அதற்கு முந்திய புதன்கிழமை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் பொரியல், கோஸ் கூட்டு, கோஸ் போட்ட சாம்பார். வீட்டில் ஏது இவ்வளவு கோஸ் என்று அம்மா கேட்டாள். திரிங்காப்பிலிருந்து வாரம் ஒரு முறை வரும் காய்கறி லோரிக்காரனிடம் பழைய துணியைப் போட்டு வாங்கியதாக அண்ணி சந்தோஷமாகச் சொன்னாள். அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. தன் மானம் வதங்கி, கடுகும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தன் முன்னால் இருப்பதை அவர் பார்த்தார்.

அண்ணிக்கு விஷயத்தை நான்தான் அடுப்படியில் வைத்துச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அப்பா திட்டவில்லை.

பனிக்குள் துரை

மறுநாள் அப்பா லீவு போட்டார். அவர் லீவு போட்டதைப் பார்த்துத் தொழிற்சாலையில் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்களாம். அப்பா, அண்ணி, நான் மூவரும் பிரிஞ்சாங்கில் பஸ் மாறித் திரிங்காப் போனோம். மிச்சமிருந்த கோஸை அண்ணி ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுத்தால்தான் கோட்டைத் திருப்பிக் கேட்க முடியும் என்றாள். சமைத்ததை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை.

லோரிக்காரன் ஒரு தோட்டத்தைக் காட்டினான். சரிவு முழுக்க கோஸ் பாத்தி. கோழி எரு வாடை மூக்கைப் பிடுங்கியது. பனி அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச தூரம் ஏறியதும் அப்பா சட்டென்று நின்றார்.

பனிக்குள், பாத்திகளின் நடுவே, சாம்பல் கோட்டுப் போட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். தலையில் தொப்பி. அப்பாவின் கை தானாக மேலே போனது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முதுகு லேசாக வளைந்தது.

காற்று அடித்துப் பனி விலகியது. பறவை விரட்டக் கட்டிய பொம்மை. முகம் மண்ணெண்ணெய்த் தகரம்.

அண்ணி சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. துரை போய் எத்தனையோ வருடமாகியும் அந்தத் துண்டு இன்னும் தானாக அவிழ்கிறதே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. அப்பா எங்களைப் பார்க்காமல் துண்டை மறுபடியும் கட்டிக்கொண்டார்.

தோட்டத்துச் சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், நல்ல மனிதர். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கோஸ் வேண்டாம், கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் என் ஆளை அம்மணமாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது என்றார். அப்பா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பொம்மைக்குப் போட்டு, பொத்தானையும் மாட்டிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் மூடவில்லை. மெல்லிய சட்டையோடு அப்பா வெடவெடத்தார். கோட்டு மடியில் இருந்தது.

“மாமா, குளுருது லா. அதப் போட்டுக்கங்க.”

“அது போடற கோட்டு இல்லம்மா” என்றார் அப்பா.

ஈப்போ டீச்சர் சொல்லித்தராத ஒன்றைக் கேட்ட மாதிரி அண்ணி வீடு வரும் வரை கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெந்நீர் செய்த வேலை

கோட்டு கிடைத்துவிட்டது. ஆனால் அதில் இருந்த கோழி எரு வாடைக்கு எந்த மாப்பிள்ளையும் மயங்கி விழுவான். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அழுக்கு எவ்வளவோ அவ்வளவு கொதிநீர். அண்டாவில் சோப்புக் கட்டியைச் சீவிப் போட்டு, கோட்டை மூழ்கடித்து, கட்டையால் குத்திக் கொதிக்கவைத்தாள். அப்பா அதைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போய், வாட்டும் மாடியில் கொழுந்துக்கு நடுவே பரப்பிச் சூட்டுக் காற்றில் காயவைத்தார்.

கம்பளியைக் கொதிக்கவைத்தால் என்ன ஆகும் என்று படித்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அன்று எல்லோருக்கும் தெரிந்தது. வாடை போய்விட்டது. முதல் தரத் தேயிலை மணம் வந்தது. ஆனால் கோட்டு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஆகும் அளவில் இருந்தது.

கங்காணி சொன்ன நேரத்துக்கு வந்தார். பின்னாலேயே தனபாலன். கங்காணி காய்ந்த மிளகாய் மாதிரி இருப்பார். அவர் மகன் மூன்று பேருக்கான இடத்தை ஒருவனாகவே பார்த்துக்கொள்வான்.

அப்பா நாற்காலியைத் துடைத்தார். “உள்ள வாங்க, கங்காணி. உக்காருங்க.”

“இருக்கட்டும்பா. நின்னுக்கிட்டே பேசிக்கலாம்.” குடை மடங்கவில்லை.

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. மகன் மட்டும் உள்ளே வந்து கோட்டுக்குள் கை விட்டான். முழங்கை வரை போனது. அதற்குமேல் கோட்டுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. வாசலில் நின்றபடியே கங்காணி, என்னய்யா இது, பிள்ளை வளர வளரக் கோட்டு சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது என்று குத்தலாகக் கேட்டார்.

அப்போது அண்ணி அலமாரியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கோட்டைக் குப்புறப் போட்டு, கழுத்திலிருந்து கீழ் வரை முதுகு நடுவே ஒரே வெட்டு. கையின் அடித்தையலையும் பிரித்துவிட்டாள். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் நாடா தைத்து, முன்பக்கமாக மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டால், முன்னால் இருந்து பார்ப்பவருக்கு முழுக் கோட்டு. பின்னால் வெறும் சட்டை. மாலை மேலே விழுந்துவிட்டால் பொத்தான் இறுகி இழுப்பதும் தெரியாது. முதுகை ஒரு சரிகைத் துண்டு போர்த்தி மறைக்கலாம்.

“படத்துல முதுகு யாரு பாக்கப் போறா?” என்றாள் அண்ணி.

பெண் வீட்டாருக்கு மட்டும் தெரியக் கூடாது என்று கங்காணி கெஞ்சாத குறையாகச் சொன்னார். குடைக்குள் நின்றுதான் சொன்னார்.

படம்

தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். பிரிஞ்சாங்கிலிருந்து வந்த படக்காரர் கோயில் சுவரை ஒட்டி எல்லோரையும் நிறுத்தினார். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் நின்றார்கள். இரண்டு பக்கமும் நாற்காலியில் பெற்றோர்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் பட்டுத் தலைப்பாகையோடு கங்காணி. நாங்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றோம். அப்பா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தனபாலன் படத்துக்காக நெஞ்சை நிமிர்த்தினான். அவன் செய்திருக்கக் கூடாத காரியம் அது ஒன்றுதான். பட் பட்டென்று நாடா அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. கோட்டு மெல்ல முன்பக்கமாக நழுவ ஆரம்பித்தது.

பெண்ணின் அம்மா திரும்புவதற்குள் கங்காணி பாய்ந்தார். அந்த வயதில் அப்படி ஒரு பாய்ச்சல் யாரும் எதிர்பார்க்கவில்லை. மகனுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, கோட்டின் இரண்டு முனையையும் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துவிட்டார். மெலிந்த மனிதர், மறைந்தே போனார். அப்பாவும் பதறிப்போய் ஓடினார். ஆனால் கங்காணி முந்திக்கொண்டதால், பாதி வழியில், காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

மழை இறங்கிக்கொண்டிருந்தது. படக்காரருக்கு அவசரம். காலி நாற்காலி அவர் கண்ணை உறுத்தியது. உட்காரச் சொல்லி அப்பாவிடம் மலாயில் கத்தினார். அப்பா தயங்கினார். அப்போது மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

“உக்காரு முனியாண்டி. சீக்கிரம் உக்காரு.”

அப்பா உட்கார்ந்தார். படக்காரர் மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்.

ஆணி

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் கங்காணி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். வாசலில் குடையை மடக்கினார். உள்ளே வந்தார். யாரும் சொல்லாமலே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி தேநீர் கொடுத்தாள். முழுவதும் குடித்தார். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்றார். அடுப்பு எரியவில்லை.

கங்காணி பொட்டலத்தைப் பிரித்தார். சட்டம் போட்ட கல்யாணப் படம்.

“எங்க வீட்டுச் செவுத்துல எடம் இல்லப்பா. இது இங்கயே இருக்கட்டும்” என்றார்.

அவர் வீட்டிலும் குவியல் பிரித்திருக்கிறார் என்று அண்ணி என் காதில் சொன்னாள். படத்தில் மாப்பிள்ளை, பெண், பெண்ணைப் பெற்றவர்கள், மாப்பிள்ளையின் அம்மா, அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் அப்பா. கங்காணி இல்லை. உற்றுப் பார்த்தால், மாப்பிள்ளையின் தோளுக்கு மேல் தலைப்பாகை நுனி தெரியும். கோட்டின் ஓரத்தில், மோதிரம் போட்ட நான்கு விரல்.

கோட்டு அதற்குப் பிறகு அலமாரியின் மூன்றாவது கதவுக்குள் போனது. முதுகு பிளந்துவிட்டதால் ஒல்லி, குண்டு என்று இல்லாமல் எல்லா மாப்பிள்ளைக்கும் பொருந்தியது. எண்பதுகளில் தோட்டத்தில் நடந்த கல்யாணங்களில் அதற்கு ஓய்வே இல்லை. அண்ணி வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் துணிகளைக் கட்டிலில் கொட்டிக் குவியல் பிரிப்பாள். என் துணி, அண்ணன் துணி, அம்மாவின் வீட்டுச் சேலை, எதற்கும் இரக்கம் கிடையாது. கோட்டை மட்டும் உதறி, நாடாவைச் சரிபார்த்து, மறுபடியும் உள்ளே மாட்டிவிடுவாள். மகளுக்கு எழுத நினைத்திருப்பது இவ்வளவுதான். பிரிக்கலாம், ஆனால் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது பிரி.

காலியாகக் கிடந்த ஆணியில் அப்பா படத்தை மாட்டினார். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை எல்லாம் அதற்குக் கீழே பிரம்பு நாற்காலியில் உட்காரவைப்பார். யாராவது உற்றுப் பார்த்து, மாப்பிள்ளைக்குப் பின்னால் இது யார் விரல் என்று கேட்கும் வரை காத்திருப்பார்.

“அதுவா, நம்ம கங்காணி” என்பார். “உக்கார எடம் இல்ல, பாவம். நின்னுட்டாரு.”